லூப் வைத்த மாதம்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். பிழைகளும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1967இல் எங்களுக்கு மூன்று பிள்ளைகள். இனி வேண்டாம் என்று நானும் என் மனைவியும் பேசிக்கொண்டோம். அம்மாவிடம் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மொரப்பூரில் நடந்த முகாமுக்குப் போனோம். கரு தங்காமலிருக்க அவளுக்கு லூப் வைத்தார்கள். நர்சம்மா ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார். கூச்சத்தில் நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

எங்கள் வீட்டில் மாதவிலக்கானவள் கொல்லையிலுள்ள ஓலைச் சாளையில் தனியாக இருக்க வேண்டும். யாரும் தொடக்கூடாது. நாலாம் நாள் தலை முழுகிவிட்டு உள்ளே வரலாம். அந்த மாதம் அவள் தலை முழுகி உள்ளே வந்தாள், மத்தியானமே திரும்பச் சாளைக்குப் போனாள். அடுத்த வாரமும் அப்படியே.

“என்னாடி, வரதும் போறதுமா! வூடு என்ன பஸ் ஸ்டாண்டா?” என்றாள் அம்மா.

“நிக்க மாட்டேங்குதுங்க அத்த” என்று அவள் சிரித்தாள். லூப் விஷயத்தைப் பற்றி நாங்கள் இருவருமே வாய் திறக்கவில்லை.

பதினெட்டாம் நாள் காலை, சாளை வாசலில் களி உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். எடுக்க எழுந்தவள் அப்படியே சாய்ந்தாள். தலை கல்லில் மோதிய சத்தம் கேட்டது. புடவையெல்லாம் ரத்தம். நான் நாலடி தூரத்தில் நின்று “அம்மா! அம்மா!” என்று கத்தினேன். கிட்டே போகவில்லை.

கடலைக்காட்டிலிருந்து அம்மா ஓடிவந்தாள். நேராக உள்ளே புகுந்து அவளை மடியில் கிடத்திக்கொண்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தீட்டானவளின் நிழல் பட்டாலே ஒதுங்குகிறவள் என் அம்மா.

“அம்மா, தீட்டு…”

“குளிச்சிக்கறேன் போடா! கட்டுனவன் கல்லு மாதிரி நிக்கிற. வண்டியக் கட்டு!”

ஆஸ்பத்திரியில் லூப்பை எடுத்துவிட்டு, ரத்தம் ஏற்றினார்கள். சாயங்காலம் அவள் கண் விழித்தாள். அதே நர்சம்மா, “ரொம்பப் போச்சுன்னா ஒடனே வான்னு சொன்னேனேம்மா, ஏன் வரல?” என்றார்.

“தூரமா இருக்கறவ பஸ்ல எப்படிங்க ஏறுவேன்? நின்னதும் வரலாம்னு இருந்தேன்.”

லூப் விஷயம் அப்போதுதான் தெரியவந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் தலை குனிந்தேன்.

எல்லாரும் வெளியே போனபின் அவள் மெதுவாகக் கேட்டாள்: “உழுந்தப்ப நீங்க பாத்துக்கிட்டுதான இருந்தீங்க? ஏங்க தூக்கல?”

பயம் என்று சொல்லியிருக்கலாம். பயமில்லை. தூக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை அவளிடம் சொல்ல முடியாமல் தண்ணீர் எடுத்து வருவதாக எழுந்து போனேன். அவள் பிறகு கேட்கவில்லை. இந்தத் தாளை மடித்து அவளிடம் கொடுக்கப் போகிறேன். எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

1979, தை மாதம் பதினோராம் நாள்.