சோமவாரத்து அரிசி

ரேஷன் கடை மெஷினுக்கு என் விரல் ரேகை பிடிபடுவதே இல்லை. தொண்ணூறு தாண்டிய விரலில் என்ன மிச்சம் இருக்கும்? நாலு தடவை அழுத்தி, கால் கடுக்க நின்று வாங்கிவரும் அரிசியைப் பேரன் கோழிக்குப் போடுகிறான். சண்டை போடத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்த பிறகும் அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த வருஷங்கள் அவை. நெல் விளையும் பக்கத்திலிருந்து ஒரு படி அரிசியைக்கூட அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. கடற்கரையில் எங்களுக்கு மூன்று வேளையும் மரச்சீனிக் கிழங்குதான். அக்கா பிள்ளை பெற்று எட்டு நாளாகியும் பால் சுரக்கவில்லை. அரிசிக் கஞ்சி கொடுத்தால் சுரக்கும் என்றாள் மருத்துவச்சி. அப்போது எனக்குப் பதினேழு வயது.

வழி சொன்னது அம்மைதான். கார்த்திகை மாதம். சோதனைச் சாவடிக் காவலர் சோமவார விரதக்காரர்.

"ஞாயித்துக்கெழம போயி மீனைக் குடுத்து அரிசி வாங்கு. திங்கக்கெழம திரும்பு. அவரு மீனைத் தொடமாட்டாரு. நீ பயப்படாண்டாம் மக்கா."

அப்படியே செய்தேன். நெல் விளையும் பூதப்பாண்டிப் பக்கம், எங்களிடம் வழக்கமாக மீன் வாங்கும் வீட்டில் சாளை மீனைக் கொடுத்து இரண்டு படி அரிசி வாங்கினேன். பனையோலைக் கடவப்பெட்டியின் அடியில் அரிசி, நடுவில் வாழையிலை, மேலே நான் ஒதுக்கி வைத்திருந்த கொஞ்சம் சாளை. மறுநாள் சாவடிக்கு வரும்போது அந்த மீன் நாறத் தொடங்கியிருந்தது. எனக்கு அது வாசனையாகவே இருந்தது.

நெற்றி நிறைய திருநீறோடு நின்ற காவலர் துண்டால் மூக்கைப் பொத்தி நாலடி தள்ளிப் போனார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"ஏட்டி, நான் தொடமாட்டேன். நீயே கீழ கொட்டு" என்றார்.

அவர் தொடமாட்டார் என்பது வரைக்கும்தான் எங்கள் புத்தி போயிருந்தது. கொட்டினேன். மீனோடு அரிசியும் ரோட்டில் பரவியது. அவர் திட்டக்கூட இல்லை.

"இந்த நாத்தத்த சர்க்கார் சாக்குல போட முடியுமா? அள்ளி வாய்க்கால்ல போடு."

குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டேன். கடைசிப் பிடி வரைக்கும் தள்ளியே நின்று பார்த்தார். மீனை மட்டும் எடுத்துப் போகச் சொன்னார்.

வீட்டில் நுழைந்ததும், "அரிசி கிட்டிச்சா?" என்று அக்கா கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டாள். அது சப்பிப் பார்த்துவிட்டு அழுதது.

அம்மை கடவத்தைக் கவிழ்த்து, பின்னலில் சிக்கியிருந்த அரிசியை ஈர்க்கிலால் குத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவுகூடத் தேறவில்லை. தலை நிமிராமலே கேட்டாள்:

"அள்ளிப் போடும்ப ரெண்டு பிடிய மடியில கெட்டியிருக்கப்பிடாதா? மீன் நாறிட்டு நிக்க ஒன்னையும் அவரு தொட்டிருக்கமாட்டாருல்லா?"

எனக்கு அது தோன்றவே இல்லை. கொட்டு என்றார், கொட்டினேன்.