துவாரகாவில் திரும்பப் பெறப்பட்ட ஒரு புகார்

போன நவம்பரில் ஒரு வாரம் டெல்லியில் இருந்தேன். மக்கள் புகார் கொடுப்பதற்காக ஓர் அரசுத் துறை தொடங்கியிருந்த இணையதளம் பாதுகாப்பாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்லும் வேலை. இதே வேலையாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத வேறு மாதிரி ஆகிவிட்டது.

கோல் மார்க்கெட் பக்கம் தங்கினேன். அறை வாடகை நாளுக்கு 1,400 ரூபாய், அலுவலகத்துக்கு ஆட்டோ எண்பது. துறை சார்பில் எனக்குத் துணையாக இருந்தவர் விஜயா மேடம். திருநெல்வேலிக்காரர், டெல்லிக்கு வந்து இருபது வருடமாகிறது.

வந்த இரண்டாம் நாளே ஓட்டை தெரிந்துவிட்டது. நான் போட்ட சோதனைப் புகாரைத் திறந்து, திரையின் மேலே இருந்த புகார் எண்ணில் கடைசி இலக்கத்தை மாற்றினேன். இன்னொருவரின் புகார் வந்து நின்றது. பெயர், கைப்பேசி எண், வீட்டு எண் எல்லாம் இருந்தன. கடவுச்சொல் கேட்கவே இல்லை.

காஞ்சனா, துவாரகா, டெல்லி. குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கடையில் திருட்டுத்தனமாக சிலிண்டர் விட்டு சிலிண்டர் காஸ் மாற்றுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அடியில், 'மனுதாரரே திரும்பப் பெற்றார்.'

"காஸ் விஷயத்த எவளாவது சும்மா வாபஸ் வாங்குவாளா?" என்றபடி விஜயா மேடம் காஞ்சனாவைக் கூப்பிடப் போனை எடுத்தார்.

தளத்தை அன்றே நிறுத்தி, மறுநாள் ஓட்டையை அடைத்தார்கள். சனிக்கிழமை இருவரும் துவாரகா போனோம். ஆர்.கே. ஆஸ்ரம் மார்க் நிலையத்தில் நீல வழித்தட மெட்ரோ ஏறினால் மாறாமல் போகலாம், முக்கால் மணி நேரம்.

காஞ்சனாவும் தமிழ்க்காரர்தான், விமான நிலையத்தில் வேலை. வீட்டில் பாதிச் சாமான் அட்டைப்பெட்டிகளில் இருந்தது.

"கடைக்காரன் வாசலுக்கே வந்துட்டான் சார். நான் எழுதினத மொபைல்ல வச்சு அப்படியே படிச்சுக் காட்டினான். அடுத்த நாள் பொண்ணோட ஸ்கூல் பஸ் நிக்கிற எடத்துல வந்து நின்னான். ஒண்ணும் பேசல. சும்மா நின்னான்."

"போலீஸ்ல சொல்லலயாம்மா?" என்றார் விஜயா மேடம்.

"அங்கயும் பேரும் அட்ரஸும்தான மேடம் கேப்பாங்க?"

விஜயா மேடம் தலை குனிந்தார். "தப்பு எங்க மேலதாம்மா. இப்ப சரி பண்ணியாச்சு. இனிமே யாரும் பாக்க முடியாது."

"அச்சா. அப்ப என் பேர அதுல இருந்து எடுத்துருங்க. அது போதும்."

மேடம் என்னைப் பார்த்தார். ஒருமுறை பதிந்ததை அழிக்கும் வசதியே அந்தத் தளத்தில் இல்லை. யார் உள்ளே வரலாம் என்று யோசித்திருந்தார்கள். தன் பெயரை எடுத்துக்கொண்டு வெளியே போக ஒருவர் ஆசைப்படுவார் என்று யாரும் யோசிக்கவில்லை. அதைச் சொன்னேன். காஞ்சனா கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்களுக்கு டீ போட எழுந்து போனார்.

திரும்பும் வழியில், மெட்ரோவிலேயே விஜயா மேடம் அந்தக் கடை மேல் தன் பெயரில் புகார் கொடுத்தார்.

நவம்பரில் போகிறவர்கள் முகக்கவசம் எடுத்துக்கொள்ளுங்கள், புகை தொண்டையை அறுக்கிறது. ஃபில்டர் காப்பித்தூள் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைக்கும், சுமக்க வேண்டாம். இப்படிப்பட்ட தளங்களைக் கட்டுகிறவர்களுக்கும் ஒன்று: அழிக்கும் வழியை முதல் நாளே கேளுங்கள். பிறகு கேட்டால் 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் பதில் வரும். எங்களுக்கு இன்னும் அதுதான் வருகிறது.

டிசம்பரில் கடைக்கு சீல் வைத்தார்கள். அதைச் சொல்ல விஜயா மேடம் காஞ்சனாவைக் கூப்பிட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை. நேரில் போய்ப் பார்த்தால், வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். எங்கள் தளத்தில் மட்டும் அவர் இன்னும் அதே எண்ணோடு, அதே வீட்டில் இருக்கிறார்.