சங்ககிரி ஏற்றத்தில் இறங்காதவன்

என் கால் பொசுங்கியதை முதலில் பார்த்தவர் எங்கள் கண்டக்டர் செங்கோடன். யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காததால் என் பஸ் கரிவாயுவில் ஓடியது. வண்டிக்குப் பின்னால் கட்டிய அடுப்பில் கரி கனன்றுகொண்டே வரும். சங்ககிரி ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். அடுப்போரம் நிற்க யாருக்கும் மனம் வராது. அந்த இடம் முதலாளியான எனக்கு.

"ஐயோ, கால் அடுப்புல படுதுங்க மொதலாளி!" என்று அவர் கத்திய பிறகே குனிந்து பார்த்தேன். கெண்டைக்காலில் தோல் உரிந்திருந்தது. வலிக்கவே இல்லை. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டேன். இதைப் படிப்பவர்கள் வலிக்காத காயத்தைக் கண்டால் பயப்படுங்கள்.

தோள் கொடுப்பது எனக்குப் புதிதல்ல. அப்பா கண்டியில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அங்கே பள்ளிக்கூடத்தில் ரக்பி ஆடினேன் (முட்டை வடிவப் பந்துக்காக இரு கட்சியும் தோள் கோத்து முட்டித் தள்ளும் ஆட்டம்). நான் முன்வரிசைக்காரன். வலியைச் சொன்னால் ஆண்பிள்ளை இல்லை என்ற அசட்டுத்தனத்தையும் அங்கேதான் கற்றேன். சேலத்துக்கு வந்து பஸ் சர்வீஸ் தொடங்கிய பிறகும் அது என்னை விடவில்லை. மாதக்கணக்கில் முதுகு வலித்தது. பழைய ஆட்டத்தில் பட்ட அடி என்று நினைத்து, பஸ் கிளீனரை என் முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வேன்.

ஒருநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கக் காலை ஊன்றினேன். இரண்டும் மடங்கி, குப்புற விழுந்தேன்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னலில் பிடித்துக் காட்டினார். முதுகெலும்புக் காசம் (நுரையீரலை அரிக்கும் அதே கிருமி எலும்பை அரிப்பது). நொறுங்கிய எலும்பு தண்டுவடத்தை (கால்களுக்கு உணர்வும் அசைவும் தரும் நரம்புக் கற்றை) நசுக்கியிருந்தது.

"நடப்பேனா டாக்டர்?"

"அசையாமப் படுத்திருப்பீங்களா? மொதல்ல அதைச் சொல்லுங்க."

கழுத்திலிருந்து இடுப்புவரை மாவுக்கட்டு போட்டார்கள். ஒரு வருஷம் விட்டத்தைப் பார்த்தபடி வீட்டில் கிடந்தேன். இதற்கென்று மருந்து அப்போது கிடையாது. மீன் எண்ணெய், முட்டை, வெயில், அவ்வளவுதான். வாசலில் என் பஸ் ஹாரன் அடித்துப் போனால் காலை, திரும்பி வந்தால் சாயங்காலம்.

என் மனைவி பாவாயி என்னைத் தூக்கிப் புரட்டுவாள், மலம் அள்ளுவாள், துடைப்பாள். இடுப்புக்குக் கீழே அவள் கை பட்டது எனக்குத் தெரியாது. வெட்கத்தில் எரிந்து விழுவேன். செத்துப்போகிறேன் என்பேன்.

"சும்மா இருங்க. கஞ்சி ஆறுது" என்பாள்.

கட்டைப் பிரித்தபோது வலது காலுக்குப் பாதி உயிர் வந்திருந்தது. இடது காலுக்கு வரவில்லை. இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதன்பின் ஒருநாள் திருச்செங்கோடு போக, என் பஸ்ஸில் என்னைத் தூக்கி உட்காரவைத்தார்கள். சங்ககிரி ஏற்றத்தில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். பழக்கத்தில் நானும் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தேன்.

"நீங்க உக்காருங்க. நான் போயிட்டு வாரேன்" என்று பாவாயி இறங்கிப் போனாள்.

பஸ்ஸில் நான் மட்டும் இருந்தேன். வண்டி அசைந்தது. ஒவ்வொரு தள்ளலும் என் முதுகில் வந்து மோதியது. தள்ளியவனுக்குச் சட்டென்று முடிந்துவிடும் ஏற்றம், உட்கார்ந்திருந்தவனுக்கு முடியவே இல்லை. அழுதேன்.

மூச்சிரைக்க ஏறி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையெல்லாம் கரி.

"ரொம்பக் கனமா புள்ள?" என்று கேட்டேன்.

"ஒரு வருசமாப் பழகுனதுதானுங்க" என்றாள்.