எல்லம்மா சபையில் கேட்ட கேள்வி

நாலாவது ரீல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சேதி எல்லம்மாவின் காதில் விழுந்தது. பூந்தமல்லி டெண்டு கொட்டகையின் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, டேப் என்கிற தட்டு வாத்தியத்தை நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். தோல் இறுகினால்தான் சத்தம் கணீரென்று வரும். நாடகக் கம்பெனி மானேஜர் தசரதன் அங்கேயே வந்து குனிந்தார்.

"ஒருத்தருக்குத்தாம்மா எடம் கீது. சின்னவள, உன் தங்கச்சிய மட்டும் இட்டுகினு போறேன். நாளைக்குக் காலைல ஆவடியில ரயிலு. ஆனா பெரியவ நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லணும். சொல்லாம நான் இட்டுகினு போவமாட்டேன். ஆட்டம் முடியறதுக்குள்ள சொல்லிடு."

கத்தரிக்காய்க்கு விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டார், பாவி மனுஷன். எல்லம்மா டேப்பை நெருப்பிலிருந்து எடுக்க மறந்தாள்; அதன் ஓரம் கருகியது.

அவளைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இந்தத் தடுமாற்றம் புரியும். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் அவள் அப்பா லாவணி ஜம்புலிங்கம் என்றால் சுற்று வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. லாவணி என்பது ஆண்கள் பாடுவது. ஒருவன் டேப்பைத் தட்டிக் கேள்வி கேட்பான். எதிராளி அதே மெட்டில், அந்த இடத்திலேயே பதில் பாட வேண்டும். பதில் வராவிட்டால் சபை பார்க்க டேப்பைக் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். ஜம்புலிங்கத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. என்ன செய்வார்? இரண்டு பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஊர் சிரித்தது. சிரித்த வாய்களே அப்புறம் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தன.

அம்மா போனபோது தங்கச்சி வடிவுக்கு நாலு வயது. எல்லம்மாவுக்குப் பதிமூன்று. அன்றிலிருந்து அந்தக் குழந்தைக்குச் சோறு ஊட்டியதும் தலை வாரியதும் தாளம் பிசகினால் முதுகில் ஒன்று வைத்ததும் எல்லம்மாதான். அப்பாவும் போன பிறகு, கட்டியவன் ரங்கூனுக்குக் கப்பலேறிக் காணாமல் போன பிறகு, அவளுக்கென்று மிச்சம் இருந்தது ஒரு தங்கச்சியும் இரண்டு டேப்பும். எல்லம்மா கேட்பாள், வடிவு சொல்வாள். இந்தப் பிழைப்பு பத்து வருஷமாக நடந்தது.

முப்பத்திரண்டாம் வருஷம் பூந்தமல்லிக்கு டெண்டு கொட்டகை வந்தது. வந்தது வெள்ளைக்காரப் பேசும் படம். படம் காட்டும் மெஷின் ஒன்றே ஒன்று. ஒரு ரீல் முடிந்தால் ஆபரேட்டர் ஜெயராமன் அதைக் கழற்றி அடுத்ததை மாட்ட ஐந்து நிமிஷமாவது ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தில் மண்தரை ஜனம் விசில் அடித்தே கொட்டகையைப் பிய்த்துவிடும். அதனால் கொட்டகைக்காரர் அக்கா தங்கச்சி இருவரையும் கூப்பிட்டு, "அந்த நேரத்துல நீங்க பாடுங்க, ஓடின ரீல்ல இன்னா நடந்துச்சுன்னு ஜனத்துக்குச் சொல்லுங்க" என்றார்.

இங்கிலீஷ் இவர்களுக்கு மட்டும் தெரியுமா என்ன? திரையில் பார்த்ததை வைத்து அடித்துவிட வேண்டியதுதான். அந்தப் படமும் இரண்டு அக்கா தங்கச்சிகளின் கதைதான். ஆடிப்பாடி மேடையில் பேர் வாங்க வேண்டும் என்று மூட்டை முடிச்சோடு பெரிய பட்டணத்துக்கு வருகிறார்கள். கடைசி ரீலில் தங்கச்சி விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறாள். அக்கா ஒரு பெட்டியோடு ரயிலில் தனியாகப் போகிறாள். முதல் நாள் எல்லம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "அக்கா ஊருக்குப் போய் அம்மாவைக் கூட்டி வரப் போகிறாள், இனி மூவரும் பட்டணத்தில் ஒன்றாக இருப்பார்கள்" என்று பாடி மங்களம் சொல்லிவிட்டாள். ஜனம் கைதட்டிக் கலைந்தது.

மறுநாள் ஜெயராமன் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "அய்யோ அக்கா, அம்மா கும்மாலாம் கதையிலயே இல்ல. கம்பெனிக்காரன் தங்கச்சிய மட்டும் வெச்சிக்கினான். அக்காகாரி வேற ஊர்ல பொழைக்கப் போறா. திரும்பி வரமாட்டா."

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும். வேல முடிச்சிட்டு வர்ற ஜனம் அழுதுகினே ஊட்டுக்குப் போவணுமா?" என்று அவனை விரட்டிவிட்டாள். ஒன்பது நாளும் அதே பொய்தான். மூன்று முறை நான்கு முறை பார்த்தவர்களெல்லாம், ரயில் வந்ததுமே "அம்மாவ இட்டார போறா!" என்று அவர்களே கத்தினார்கள்.

பத்தாவது நாள்தான் இப்படித் தலையில் கல் விழுந்தது.

நாலாவது ரீல் முடிந்து இருவரும் திரைக்கு முன்னால் வந்தார்கள். வழக்கம்போல எல்லம்மா இடப்பக்கம், வடிவு வலப்பக்கம். எல்லம்மா கேட்டாள். வடிவு சொன்னாள், ஆனால் அரைத் தாளம் தாமதித்துச் சொன்னாள். 'பசியாக இருக்கும், மத்தியானம்கூடச் சரியாகச் சாப்பிடவில்லையே' என்று எல்லம்மா நினைத்தாள். பெற்றவள் புத்தி அப்படித்தான் போகும், பெறாவிட்டாலும்.

ஐந்தாவது ரீலில் அவளுக்கு ஆத்திரம் வந்தது. யாரைக் கேட்டுக் கூப்பிடுகிறான் இவன்? கம்பெனி வந்தால் இரண்டு பேரும் போவோம், இல்லாவிட்டால் இரண்டு பேரும் ஏரிக்கரையிலேயே கிடப்போம் என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர்களாயிற்றே! முடியாது என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. வடிவுக்குத் தெரியவே வேண்டாம்.

ஆறாவது ரீலில் பயம் வந்தது. வடிவு இல்லாவிட்டால் நான் யார்? பதில் இல்லாத கேள்வியைக் கேட்க எந்த ஜனம் வரும்? விடிந்தால் யாருக்காக அடுப்பு மூட்டுவது?

ஏழு, எட்டு. தசரதன் நாற்காலியிலிருந்து இரண்டு முறை எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். எல்லம்மா சரி என்று தலையை ஆட்டவும் இல்லை, மாட்டேன் என்று அசைக்கவும் இல்லை. உள்ளங்கை வியர்த்து டேப்பின் தோல் தொய்ந்துகொண்டே வந்தது. எட்டாவது ரீலில் திரையில் தங்கச்சி ஆடிக்கொண்டிருந்தபோது, திரைக்குப் பின்னால் நின்ற வடிவு அதைப் பார்த்த பார்வையை எல்லம்மா பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நாலு வயதில் அம்மாவைத் தேடி வாசலைப் பார்த்தாளே, அதே வாய். எல்லம்மாவின் நெஞ்சு உடைந்தது. போகட்டும், என் கண்ணு போகட்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

ஆனால் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் இந்தப் பெண் மாட்டேன் என்று கட்டிக்கொண்டு அழும். சத்தியத்தைச் சொல்லிக் காலைப் பிடிக்கும். அதற்கு ஒரே வழி சபைதான். சபையில் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொன்ன பதிலை மாற்ற முடியாது. நாம் நெருக்கிக் கேட்டால் போகிறேன் என்று அவள் வாயாலேயே வந்துவிடும் என்று கணக்குப் போட்டாள்.

ஒன்பதாவது ரீல் முடிந்தது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. எல்லம்மா டேப்பை ஓங்கித் தட்டினாள்.

"பட்டணத்து வாசலிலே படி ஒண்ணுதான் இருக்க,
கூடப்பொறந்த ரெண்டு பேரும் கூடி ஏற முடியலையே,
தங்கச்சி நீ ஏறுவியா, தள்ளி நின்னு அழுவியா,
சபை அறியச் சொல்லிடடி, சத்தியமா இப்பவே!"

இந்தக் கேள்வி பத்து நாளில் ஒரு நாளும் வந்ததில்லை. ஜனம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வடிவு அசையவில்லை. டேப்பின் மேல் விரல் வைத்தபடி நின்றாள். ஒரு தாளம் போயிற்று. இரண்டு போயிற்று. "இன்னா சின்னவளே, டேப்ப கீழ வெச்சிடு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எல்லம்மா தாளத்தை விடாமல் தட்டினாள். சொல்லடி, சொல்லடி என்று கண்ணால் கெஞ்சினாள்.

வடிவு கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

"முந்தாநாளே கேட்டாங்க, முடியாதுன்னு சொல்லலையே,
உன் மொகத்தப் பாத்துச் சொல்ல ஒரு வார்த்த வரலையே,
ஏறிட்டேன் அக்கா நான், எறங்க மனசில்லையே!"

அடேயப்பா, என்ன கைதட்டல்! மண்தரை முழுக்க எழுந்து நின்றது. படத்துத் தங்கச்சி சொல்லும் பதில் என்று நினைத்து இரண்டு கிழவிகள் மூக்கைச் சிந்தினார்கள். எல்லம்மாவுக்கு மட்டும் காது அடைத்துப்போயிற்று. முந்தாநாள். முந்தாநாளிலிருந்து இரண்டு நாள் என் பக்கத்தில் படுத்து எழுந்தாளே! நான் இங்கே தியாகம் செய்யலாமா வேண்டாமா என்று வெந்து சாகிறேன். இவள் என்னைக் கேட்காமலே எல்லாம் முடித்துவிட்டாள். விட்டுக்கொடுக்கும் பெருமைகூட எல்லம்மாவுக்கு மிஞ்சவில்லை. அதுதான் அவளைத் தீயாகச் சுட்டது.

கடைசி ரீல் ஓடியது. பெட்டியோடு அக்கா ரயிலில் ஏறினாள். "அம்மாவ இட்டார போறா!" என்று ஜனம் சந்தோஷமாகக் கூவியது. மங்களம் பாட எல்லம்மா தனியாக வந்து நின்றாள். டேப்பைத் தட்டவில்லை.

"இல்ல. அம்மாவும் இல்ல, ஆயாவும் இல்ல. தங்கச்சிய உட்டுட்டுத் தனியாப் போறா. திரும்ப வரமாட்டா. போய்ப் படுங்க" என்றாள்.

கொட்டகை இரைந்தது. ஒருவன் மண்ணை அள்ளி வீசினான். எல்லம்மா அதைத் துடைக்காமல் நேராக தசரதனிடம் போய், "இட்டுகினு போ" என்றாள். அவ்வளவுதான்.

காலையில் ஆவடி ஸ்டேஷன் வரைக்கும் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவளும் அவள்தான். ரயில் ஏறும்போது வடிவு, "அக்கா, திட்டவாவது திட்டேன்" என்று அழுதாள்.

"கேட்டிருந்தா நானே அனுப்பி இருப்பேன்டி. இனிமே உன்கூடப் பாடினா என் நாக்கு அழுகிப் போவும்" என்றாள் எல்லம்மா. ஒரு டேப்பைப் பெட்டிமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதற்கப்புறம் கொட்டகையில் கேள்வியும் அவளே, பதிலும் அவளே. கேட்டுவிட்டு ஆறடி நடந்து வலப்பக்கம் போய்ப் பதில் பாடுவாள். முதலில் சிரித்த ஜனம் பிறகு பழகிக்கொண்டது. வடிவுக்குப் பேர் வந்தது. கடுதாசியும் மாதா மாதம் வந்தது. ஜெயராமன் படித்துக் காட்ட வருவான். "வெச்சிட்டுப் போ" என்பாள்.

இரண்டு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி திருமழிசைக்கு வந்து கொட்டகை போட்டது. எல்லம்மா போகமாட்டேன் என்று வீம்பாக இருந்தாள். முதல் நாள் அந்தி சாயும்போதே போய்ப் பெண்கள் பக்கம் மண்ணில் முக்காடு போட்டு உட்கார்ந்தும்விட்டாள். வடிவு மேடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ராஜா வேஷம் கட்டிய ராஜபார்ட்காரனைப் பார்த்து, கேள்வியும் பதிலுமாகப் போகும் தர்க்கப் பாட்டு ஒன்றை எடுத்தாள்.

"ஆத்துக்கு அக்கரையில் ஆளொருத்தி நிக்கறாளே,
அவளுக்கு ஓடம் விட ஆருண்டு சொல்லுமய்யா?"

ராஜபார்ட்காரனுக்குத் தொண்டை கட்டியிருந்ததோ, பாடம் மறந்ததோ, வெறுமனே விழித்தான். ஆர்மோனியம் ஒரு முறை மெட்டைத் திருப்பி வாசித்தது. இன்னொரு முறை வாசித்தது. ஜனத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. மேடையில் வடிவு பக்கப் படுதாவைத் திரும்பிப் பார்த்தாள். கேள்வி அந்தரத்தில் நின்றது.

எல்லம்மாவின் வாய் அவள் வைராக்கியத்தைக் கேட்கவில்லை. முக்காடு நழுவ எழுந்து நின்று, தொடையில் தாளம் போட்டாள்.

"ஓடம் எதுக்கடி, ஓடுது தண்ணி கொஞ்சம்,
இடுப்பளவு தண்ணிதானே, எறங்கி வந்தா இக்கரைதான்!"

கொட்டகையே திரும்பிப் பார்த்தது. ஆர்மோனியம் நின்றுபோயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் வாயைப் பிளந்தாள்.

"இன்னா அப்டிப் பாக்கற? சபையில கேட்டா யாரானும் பதில் சொல்லத்தான வேணும்?" என்று எல்லம்மா அவள்மேல் எரிந்து விழுந்தாள். கண்ணீர் வாய் வரைக்கும் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை.

மேடையில் வடிவு கையை நெற்றியில் வைத்து விளக்கு வெளிச்சத்தை மறைத்து இருட்டுக்குள் தேடினாள். அப்புறம் வேஷத்தோடேயே, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, படியில் இறங்க ஆரம்பித்தாள்.