சம்மதம் கேட்டு வந்தவர்

சன்யாசம் வாங்கிக்கொள்ள ஓர் ஆண்பிள்ளைக்குப் பெண்டாட்டியின் சம்மதம் வேண்டும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. என் கல்யாணத்துக்கு என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. மைசூரில் ரயில்வே உத்தியோகம் பார்க்கும் பையன் என்றார்கள், தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து மூட்டை கட்டி அனுப்பினார்கள், வந்து சேர்ந்தேன். அதனால் என் கணவர் காட்டிலிருந்து திரும்பி, செருப்பில்லாத காலோடு வாசலில் நின்று, "உன் சம்மதம் வேணும்" என்று சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அடுத்த நிமிஷமே ஆத்திரம் வந்தது.

அவர் ஏன் காட்டுக்குப் போனார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நாளில் மைசூரில் வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் பிளேக் வந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டைப் பூட்டிவிட்டு, பாத்திரம் பண்டங்களோடு ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு தங்குவோம். எங்கள் வீட்டு உக்கிராண அறையிலும் ஒரு வருஷம் எலி விழுந்தது. நாங்களும் கொட்டகைக்குப் போனோம். அங்கே எங்கள் ஒரே பிள்ளைக்கு ஜுரம் அடித்தது, அக்குளில் நெறி கட்டியது, அவ்வளவுதான், போய்விட்டான். அவனுக்கு இரண்டு வயது நிரம்பவில்லை.

அத்தனை சின்னக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பார்கள். பெண்கள் அந்த இடத்துக்குப் போகும் வழக்கமும் கிடையாது. அவர் குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு ஆட்களோடு போனார். பாதை திரும்புகிற வரைக்கும் அந்தச் சின்னப் பாதம் துணிக்கு வெளியே ஆடியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தவர் குளித்தார். பேசவில்லை. பிளேக் அடங்கி வீட்டுக்கு வந்த பிறகும் பேசவில்லை.

ஒரு நாள் ஆபீசுக்குப் போவதுபோலக் கோட்டும் தலைப்பாகையுமாகப் புறப்பட்டார். மறுநாள் அந்தக் கோட்டும் தலைப்பாகையும் மட்டும் ஒரு ரயில் சிப்பந்தியின் கையில் வீடு வந்து சேர்ந்தன. சாமராஜநகர் ஸ்டேஷனில் கழற்றிக் கொடுத்துவிட்டு மலைப்பக்கம் நடந்துவிட்டாராம். மனசு அடங்க வேண்டும், தனியாக இருக்கப் போகிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவருக்கு அடங்க வேண்டிய மனசு இருந்தது. எனக்கு என்ன இருந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய அண்ணா வீட்டில் இருந்தேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் நான் யார் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. கௌரி பண்டிகைக்கு மைசூரில் சுமங்கலிகள் முறத்தில் மஞ்சள், குங்குமம், வளையல், ரவிக்கைத் துணி வைத்து ஒருவருக்கொருவர் கொடுப்பார்கள். பாகினம் என்று பெயர். எதிர்வீட்டு மாமி இரண்டு முறத்தோடு வந்தாள். என் ஓர்ப்படிக்கு ஒன்றைக் கொடுத்தாள். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"அவர் இருக்காரோ இல்லையோ, ஒரு தகவலும் இல்லையே. ஏனு மாடோது, நான் என்ன பண்ணட்டும்? தப்பா நினைச்சுக்காதேம்மா" என்றாள். முறம் அவளோடேயே திரும்பிப் போயிற்று.

அன்றைக்குக் கொல்லையில் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நினைத்தேன் என்று மறைப்பானேன். விழுந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் என் பிள்ளையை எங்கே வைத்தார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் காட்டில் இருந்தார். அந்த ஆள் திரும்பி வந்தால் கேட்க வேண்டும் என்பதற்காக எழுந்து உள்ளே போனேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அதற்காகத்தான் எழுந்தேன்.

அப்படிக் காத்திருந்தவர்தான் வாசலில் வந்து நின்றார். தாடி மார்புவரை இருந்தது, உடம்பில் எலும்பு எண்ணலாம். காவி கொடுக்கும்படி ஒரு மடத்துப் பெரியவரிடம் போனாராம். மனைவியைக் கேட்டாயா, அவள் சரி என்றால்தான் உண்டு என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"குடும்பத்துக்கே புண்ணியம்மா, தடுக்காதே" என்றார் மச்சினர். ஓர்ப்படி என்னைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "தனக்குத் தானே பிண்டம் போட்டுண்டு போயிடுவார்டீ. அன்னியோட நமக்கெல்லாம் அவர் செத்தவர். நீ என்ன ஆவேன்னு யோசிச்சியோ?" என்றாள். அதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் அப்போதே எதுவாகவும் இல்லை.

வெளியே வந்து அவரைக் கேட்டேன். "காட்டுல என்ன கிடைச்சுது?"

அவர் தரையைப் பார்த்தார். "ஒண்ணும் கிடைக்கலை. இடிஞ்ச மண்டபத்துல இருந்தேன். மலையில இருக்கற சோளகர் ஜனங்க களி கொடுத்தா, சாப்பிட்டேன். யானைக்குப் பயந்துண்டு கிடந்தேன். காவி வாங்கிண்டா ஏதாவது கிடைக்கும்னு தோண்றது."

"சரி, தரேன். ஆனா குழந்தையை வச்ச இடத்தை முதல்ல காட்டுங்கோ. காட்டிட்டுப் போங்கோ."

அவர் முகம் வெளுத்தது. "பொம்மனாட்டி அங்கே போறதாவது!" என்று மச்சினர் குதித்தார். என் வாய் அன்றைக்கு அடங்கவில்லை. "பொம்மனாட்டி சொல்லாம சன்யாசம் இல்லைன்னு சாஸ்திரம் இருக்கோல்லியோ? அந்தப் பொம்மனாட்டிதான் கேக்கறேன்" என்றேன். ஒரு செம்பில் பாலை எடுத்துக்கொண்டு நடந்தேன். புதைத்த இடத்தில் பால் தெளிக்கும் சடங்கைக்கூட என் பிள்ளைக்கு யாரும் செய்யவில்லை.

ஊருக்கு வெளியே, குழந்தைகளைப் புதைக்கிற வெளிக்கு அவர் கூட்டிக்கொண்டு போனார். அந்த வெளி முழுக்க உண்ணிச்செடி முள்ளாக மண்டிக் கிடந்தது. அவர் உள்ளே நுழைந்ததும் ஒரு புதரைக் காட்டி, "இதுதான்" என்றார். நான் கிளைகளை விலக்கிப் பார்த்தேன். அடியில் என் இடுப்பளவுக்குக் கறையான் புற்று, இறுகிப் போய், என் பிள்ளை பிறப்பதற்கும் முந்தின பழைய புற்று. அங்கே யாரும் மண்வெட்டி போட்டதே இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

"சத்தியத்தைத் தேடி காட்டுக்குப் போனேளே, இதுதான் அங்கே கத்துண்ட சத்தியமா?" என்று கத்தினேன்.

அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியாதுடி. வேலி ஓரத்துலேயே அந்த ஆட்கள் கையில குழந்தையைக் கொடுத்துட்டேன். முதல் பிடி மண்ணு நான்தான் போடணும்னா. என்னால முடியலை. திரும்பிப் பார்க்காம ஓடி வந்துட்டேன்."

"அந்த ஆட்கள் எங்கே?"

"அவாளும் அந்த வருஷமே பிளேக்ல போயிட்டா. உன் மூஞ்சியைப் பார்த்தா எங்கேன்னு கேப்பியோன்னு பயம். அதான் போனேன்."

அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. அழவும் வேண்டும் போல இருந்தது. இரண்டும் முடியவில்லை. எந்த இடம் என்று தெரியாததால், வேலியிலிருந்து ஆரம்பித்து, நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலைத் தெளித்துக்கொண்டு போனேன். அவர் எழுந்து வந்து எனக்கு முன்னால் முள்ளை விலக்கிக் கொடுத்தார். அவர் கையெல்லாம் கீறி ரத்தம் வந்தது. அந்த வெளியில் கால்வாசி தாண்டுவதற்குள் செம்பு காலியாகிவிட்டது.

"இன்னும் பால் வாங்கிண்டு வரட்டுமா?" என்றார்.

செம்பை நீட்டினேன். அதை வாங்கிக்கொண்டு போனார். பால்காரன் வீட்டுக்குப் போகும் வழியில்தான் ரயில்வே ஸ்டேஷன். வெகு நேரம் ஆயிற்று. சாமராஜநகர் வண்டி ஊதிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. போய்விட்டார் என்று நினைத்தேன். பிள்ளை எந்தப் பக்கம் இருக்கிறான் என்றுகூடத் தெரியாத அந்தப் புதர்க்காட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். தனியாக இருந்தால் ஏதோ தெளியும் என்கிறார்களே, எனக்கு ஒன்றும் தெளியவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

வெளிச்சம் மங்கும் சமயத்தில் உண்ணிச்செடி சலசலத்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன அதே தோளில் பால்காரனுடைய பெரிய பித்தளைக் குடத்தைச் சுமந்துகொண்டு, மூச்சிரைக்க வந்து நின்றார். சம்மதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளும் பேசவில்லை.

"எதுவரைக்கும் தெளிச்சே?" என்று கேட்டார்.