கால் மட்டும் என்னுடையது

சேவூரைத் தாண்டி அவிநாசி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு ரூபாய்க் காசு வழியில் தானாக விழுந்தது. குனிந்து எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டேன். முகத்தில் பூசிய வெள்ளை மாவு வேர்வையில் கரைந்து கழுத்துக்கு இறங்கியது. எதிரே மொபெட்டில் வந்தவர் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார். கிட்டத்தில் வந்ததும் வேகத்தை நன்றாகக் கூட்டிப் பறந்துவிட்டார். தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்த துணியை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. அது எனக்கு ஞாபகமே இல்லை.

காலையில் சேவூரில் ஒரு வீட்டின் முன்கூடத்தில் என்னைப் பிணமாகக் கிடத்தியிருந்தார்கள். மதியத்துக்குள் பிணம் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பேக்கரியில் மாவு பிசைந்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், பஞ்சு குடோனில் மூட்டை தூக்கி இருமினேன். எதிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. நாடகத்தில்தான் கொஞ்சம் நின்றேன். வசனம் நீளமாக இருந்தால் மறந்துவிடும் என்பதால் சீக்கிரம் சாகிற வேஷங்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள். நாளடைவில் அதிலேயே எனக்குப் பேர் வந்துவிட்டது. நோம்பித் திருவிழாவுக்கு நாடகம் வைக்கிற ஊர்களில், "அந்தச் சாகிற ஆளைக் கூட்டிட்டு வாங்க" என்று கேட்டு வாங்கினார்கள்.

எங்கள் பக்கத்து நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்கிறவருக்கு நடிப்பு பிடித்துவிட்டால், காட்சி முடியட்டும் என்று காத்திருக்க மாட்டார். நேராக மேடையேறி நடிகருக்குத் துண்டு போர்த்துவார். மைக்கில் அவர் பேரையும் ஊரையும் சொல்வார்கள். நடிகர் கைகூப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் அப்போது செத்துக் கிடந்தாலும் எழுந்துதான் வாங்க வேண்டும். படுத்தபடி வாங்கினால் போர்த்தியவரை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். எழுந்து, கும்பிட்டு, நன்றி சொல்லிவிட்டு மறுபடி படுத்துச் சாவேன். பெரிய ஊர்களில் ஒரே சாவுக்கு நாலைந்து முறைகூட எழுந்திருக்கிறேன். யாரும் சிரித்ததில்லை. எனக்காக அழுதுகொண்டிருக்கும் அம்மா வேஷக்காரர் நான் எழுந்ததும் அழுகையை நிறுத்துவார், படுத்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

அப்போது அவிநாசிபாளையத்தில் அக்கா வீட்டில்தான் எனக்குச் சோறு. மச்சான் திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர், என்னையும் அங்கே வேலைக்கு வரச் சொல்லிக்கொண்டிருந்தார். கோபக்காரர் இல்லை. மரியாதையாகப் பேசியே ஆளைச் சாய்த்துவிடுவார். மெட்ராஸிலிருந்து டிவி நாடகம் எடுக்க வருகிறார்கள், என்னைப் பிண வேஷத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் என்னை உட்காரவைத்துப் பேசினார்.

"ஒரே ஒருக்கா உங்க மூஞ்சி டிவில வந்துருச்சுன்னா, அப்பறம் நான் கம்பெனிப் பேச்சே எடுக்க மாட்டனுங்க மாப்ள. வரலீன்னா மறுநா காலைல எங்கூட பஸ் ஏறோணும். நாடகம் கீடகம்னு ஒரு வார்த்தை பேசப்படாது."

சரி என்றேன். பிணத்துக்கு என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

சேவூரில் முதலில் காலைத்தான் எடுத்தார்கள். இரண்டு பெருவிரலையும் சேர்த்துக் கட்டி, கேமராவைப் பாதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நெடுநேரம் எடுத்தார்கள். டைரக்டர் தட்டிக்கொடுத்தார். அடுத்தது முகம். மனைவி வேஷம் போட்ட மெட்ராஸ் அம்மாள் என் மார்பில் விழுந்து அழ வேண்டும். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து மாலை போட வேண்டும். ஊர்க்காரர்கள் எல்லாரும் நிஜமான சேவூர்க்காரர்கள். ஏற்பாடு முழுக்க ஒழுங்காகத்தான் இருந்தது. நான் மூச்சை அடக்கிக் கிடந்தேன். அந்த அம்மாள் உண்மையிலேயே கண்ணீர் விட்டார், மார்பு நனைந்தது.

மாலை வரிசையில் ஒருவர் துண்டோடு வந்தார். இழவு வீட்டில் செத்தவருக்குத் துணி போடுவதும் எங்கள் வழக்கம்தான் என்பதால் டைரக்டர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் போட வந்தது அந்தத் துணி இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்தில் யாரிடமோ கேட்டு வாங்கி வந்த துண்டு. குனிந்து என் தோளில் போர்த்தி, காதோரமாகச் சொன்னார்.

"போன நோம்பிக்கு எங்கூர்ல செத்தீங்களே, எங்கூட்டுல இன்னும் அதைத்தான் பேசறாங்க."

தோளில் துண்டு பட்டதும் உடம்பு பழகிய வேலையைச் செய்துவிட்டது. எழுந்து உட்கார்ந்தேன். கைகூப்பினேன். தாடை கட்டியிருந்ததால் பல்லைக் கடித்தபடியே, "ரொம்ப நன்றிங்க" என்றேன். கும்பிட்டுவிட்டு முறைப்படி மறுபடி படுத்தும்விட்டேன்.

மெட்ராஸ் அம்மாளுக்கு எங்கள் வழக்கம் தெரியாது. அவர் வீறிட்டுப் பின்னால் சாய்ந்து குத்துவிளக்கைத் தள்ளிவிட்டார். தண்ணீர் கொடுத்து, விசிறிவிட்டு, அரைமணி கழித்து அவர் சொன்னது ஒன்றுதான்: இந்த ஆள் படுத்தால் நான் அழமாட்டேன். இனிமேல் எழமாட்டேன் என்று நான் எழுந்து நின்று சொல்லிப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

டைரக்டர் சுற்றும்முற்றும் பார்த்தார். துண்டு போர்த்தியவர் என் உயரம், என் நிறம். நீங்கள் படுக்கிறீர்களா என்று அவரிடம் கேட்டார். மனிதர் என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, உங்குளுக்கு ஒண்ணும் சங்கடமில்லீங்களே?"

"இல்லீங்க, படுங்க" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் படுத்தார், சற்று நேரத்தில் தூங்கியும் விட்டார். அந்த அம்மாள் அவர் மேல் விழுந்து நிம்மதியாக அழுதார். சேவூர்க்காரர் தொழில் தெரியாதவர்தான், ஆனால் பிணத்துக்கு வேண்டியதெல்லாம் அவரிடம் இருந்தது. கால் எடுத்தது எடுத்ததாகவே இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள் என்று டைரக்டர் சொன்னது வாசல்வரை கேட்டது. துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

அவிநாசியில் பஸ் ஏறினேன். வெள்ளை அப்பிய முகத்தைப் பார்த்து, சிலை செதுக்குகிறவன் என்று நினைத்துக்கொண்ட கண்டக்டர் கேட்காமலேயே சிற்பிகள் ஊரான திருமுருகன்பூண்டிக்கு டிக்கெட் கிழித்தார். பக்கத்துச் சீட்டுக்காரர் தாடைக் கட்டைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்துப் பல் என்று விசாரித்தார். அப்போதுதான் கை வைத்துப் பார்த்தேன். வலது பக்கம் என்றேன். கிராம்பை நசுக்கி வைக்கச் சொன்னார்.

வீட்டுக்குப் போனபோது அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூட்டி வைத்திருந்தாள். எல்லாம் சொன்னேன். பிறகு மச்சான் பக்கம் திரும்பினேன்.

"கால் எடுத்துட்டாங்க மச்சான். அது கட்டாயம் வரும்."

அவர் என் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாம பேசுனது மூஞ்சிங்க மாப்ள."

அக்கா விடவில்லை. "காலும் அவனுதுதானுங்க. மூஞ்சி மட்டும் தனியாவா நடந்து சேவூர் போச்சு?"

"அந்தக் காலப் பாத்து, இது உன்ற தம்பின்னு ஊருல எவன் கண்டுபுடிப்பான்?"

"நான் கண்டுபுடிப்பனுங்க" என்றாள்.

ஆனால் மச்சானுக்குப் பேச்சு பேச்சுத்தான். பின்னால் அந்த நாடகம் டிவியில் வந்தபோது, பக்கத்து வீட்டில் கூட்டத்துக்கு நடுவே அக்கா எழுந்துபோய் டிவிக் கண்ணாடியில் விரல் வைத்து அந்தக் காலைக் காட்டினாள். அதற்குள் காட்சி சேவூர்க்காரர் முகத்துக்குப் போய்விட்டதால், கூட்டம் அவரைத்தான் நான் என்று நினைத்துக்கொண்டது. சாவில் நான் கொஞ்சம் பூசினாற்போல் இருப்பதாகச் சிலர் சொன்னார்கள்.

சேவூரிலிருந்து வந்த மறுநாள் காலையில் மச்சானோடு பஸ் ஏறினேன். கம்பெனி ஒரு நீளமான ஷெட். கைமடிக்கு ஆள் வேண்டியிருந்தது: டெய்லர் தைத்துத் தள்ளுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் வெட்டி, மடித்து, அடுக்குகிற வேலை. காண்ட்ராக்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஆளுக்கு என்ன வேலை தெரியும் என்று மச்சானைக் கேட்டார்.

"சாகத் தெரியுமுங்க. நல்லாச் சாவாப்ல."

காண்ட்ராக்டர் சிரிக்கவில்லை. "இங்க அதுக்கெல்லாம் நேரமில்லீங்க. ஷிப்மெண்ட் இருக்குது. உக்காரச் சொல்லுங்க."

மச்சான் மெஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அவர் பெடலை மிதித்தார். முதல் பனியன் மெஷினைத் தாண்டிச் சரிந்து என் தோளில் வந்து விழுந்தது. இரண்டு கையும் கூப்புவதற்கு நெஞ்சுவரை போய்விட்டன. மச்சான் திரும்பிப் பார்த்தார். கையை இறக்கி, நூலை வெட்டி, மடித்து வைத்தேன்.