ஜெலட்டின் இல்லாத மாத்திரை

கடையில் எதை எடுத்தாலும் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிறவள் நான். டெக்சஸுக்கு வந்த முதல் வாரத்திலேயே சைவக்காரர்கள் கற்றுக்கொள்ளும் வேலை அது. பிஸ்கட்டில் முட்டை இருக்கும், தயிரில் மிருக எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும், சீஸில் என்ன எழவு இருக்கும் என்று சொல்லவே முடியாது. என் கணவருக்கு நெஞ்செரிச்சல் வந்தபோது, மென்று சாப்பிடும் ஆன்டாசிட் மாத்திரைகளையும் அப்படித்தான் டப்பா டப்பாவாகப் புரட்டினேன். ஒன்றில் ஜெலட்டின் இல்லை. ஜெயித்துவிட்ட மாதிரி இரண்டு டப்பா வாங்கி வந்தேன்.

ஒன்று காரின் கப் ஹோல்டரில் குடியேறியது, இன்னொன்று லேப்டாப் பையில். ஆபீஸ் போகும் வழியில் இரண்டு, மீட்டிங்குக்கு முன்னால் இரண்டு, என் சாம்பாருக்குப் பிறகு மூன்று. பெப்பர்மின்ட் மாதிரி வாயில் போட்டுக்கொள்வார். டாக்டரிடம் போகலாம் என்றால் ஒரே பதில்தான். "டிசம்பர்ல இந்தியா போறோம்ல, அங்க ஃபுல் செக்கப் பண்ணிக்கலாம்."

இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இங்கே நாங்கள் எல்லோரும் அப்படித்தான். பல் வலி, மூக்குக் கண்ணாடி, முட்டி வலி எல்லாவற்றையும் இந்தியப் பயணத்துக்கென்று எடுத்து வைப்போம். அந்த டிசம்பரில் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அடுத்த கோடையில், போனால் விசா ஸ்டாம்பிங் ஆகாமல் அங்கேயே மாட்டிக்கொள்வோமோ என்று பயந்து டிக்கெட்டை கேன்சல் பண்ணினோம். மாத்திரை மட்டும் தடையில்லாமல் நடந்தது.

அவர் இளைத்தார். ஃபிரிஸ்கோ கோயிலில் ஒரு ஆன்ட்டி என்ன டயட் என்று விசாரித்தார். சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். நான் எதையும் குறைக்கவில்லை. அவர்தான் தயிர் சாதத்தில் மோரை விட்டு விட்டுக் கரைத்துக் கொண்டிருந்தார். சப்பாத்தியை வெகுநேரம் மென்றார். நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பல்லு போன கிழவனாட்டம் சாப்பிடுறீங்களே" என்று கிண்டல் வேறு செய்தேன். அந்த வாயை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி தொண்டைக்குக் கீழே நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தார், தண்ணீரும் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் டாக்டர், எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம். மாத்திரை எரிச்சலை அடக்கியதே தவிர, உள்ளே இருந்ததை ஒன்றும் செய்யவில்லை என்று அந்த டாக்டர் பொறுமையாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து டப்பாவை முதல் வரியிலிருந்து படித்தேன். ஒரு நாளைக்கு இத்தனைக்கு மேல் கூடாது. டாக்டரைக் கேட்காமல் அந்த முழு அளவை இரண்டு வாரத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. தெளிவான எழுத்துதான். நான் அதைத் தாண்டிப் போய் ஜெலட்டின் தேடியிருக்கிறேன். டப்பாவைச் சுவரில் எறிந்தேன். ஆத்திரம் தீரவில்லை.

ரிசல்ட் சொல்லும் நாளில், விழுங்க எத்தனை நாளாகக் கஷ்டம் என்று டாக்டர் மறுபடி கேட்டார். ஒரு மாதம் இருக்கும் என்றார் இவர். நான் குறுக்கே பாய்ந்து, இல்லை, போன நவராத்திரியிலிருந்தே, ஏழெட்டு மாதம் ஆகிறது என்றேன். டாக்டர் அதை டைப் செய்துகொண்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, புற்று கல்லீரல் வரை பரவிவிட்டது, ஆபரேஷன் செய்து பயனில்லை, மருந்தால் கொஞ்ச நாள் நீட்டலாம், அவ்வளவுதான் என்றார்.

பார்க்கிங்கில் இவர் காரை ஸ்டார்ட் பண்ணாமல் உட்கார்ந்திருந்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"ஒரு மாசம்னே விட்டிருக்கலாம்ல?" என்றார்.

இருபது வருடமாக மென்பொருள் எழுதுகிற மனிதர். நான் சொன்னதால் எதுவும் மாறவில்லை என்று அவருக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும். ஆனாலும் மேலே ஓடிப்போய், தப்பாகச் சொல்லிவிட்டேன், ஒரு மாதம்தான், திருத்திக்கொள்ளுங்கள் என்று அந்த டாக்டரிடம் கெஞ்ச வேண்டும் போல எனக்குக் கால் பரபரத்தது.